புல்லின் நிறம் வெண்ணெயில் தெரியுமா?

மாணவர்களே, அடுத்த முறை பேரங்காடிக்குச் செல்லும்போது வெண்ணெய் அடுக்கப்பட்டிருக்கும் குளிர்பெட்டியின் முன் சற்று நில்லுங்கள். நியூசிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த வெண்ணெயின் உறைகளில் பச்சைப் புல்வெளியையும் அதில் மேயும் மாடுகளையும் காணலாம். சில உறைகளில் 'புல் மேய்ந்த மாடுகளின் பால்' என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கும்.

"மாடு எதைத் தின்றால் என்ன, பால் பால்தானே" என்பார்கள் சிலர். "புல் மேய்ந்த மாட்டின் பால் மருந்துக்குச் சமம்" என்பார்கள் வேறு சிலர். இரண்டு கூற்றுகளுமே முழுமையாகச் சரியல்ல. புல் பாலை மாற்றுகிறது. ஆனால் பாலில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுவதில்லை. எதை மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது என்ற இரண்டு கேள்விகளோடு இன்றைய பாடத்தைத் தொடங்குவோம்.

பாலில் என்ன இருக்கிறது?

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். மீதமுள்ளவை லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை (5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு), கொழுப்பு (ஏறத்தாழ 4 விழுக்காடு), புரதம் (3 விழுக்காட்டுக்குச் சற்று மேல்), கால்சியம் போன்ற தாதுக்கள் (ஏறத்தாழ 0.7 விழுக்காடு), சிறிதளவு வைட்டமின்கள்.

இவற்றில் லாக்டோஸின் அளவு எளிதில் மாறாது. மடியின் செல்கள் லாக்டோஸை உருவாக்கும்போது, சவ்வூடு பரவலால் நீர் அதைத் தொடர்ந்து உள்ளே வருகிறது. லாக்டோஸ் கூடினால் நீரும் கூடும். பாலின் மொத்த அளவு உயரும். ஆனால் விழுக்காடு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கால்சியமும் பெரிதாக மாறாது. தீவனத்தில் கால்சியம் போதாவிட்டால், மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குக் கொடுக்கிறது. புரதத்தின் வகைகளைப் பெரும்பாலும் மாட்டின் மரபணு முடிவு செய்கிறது. அதன் அளவில் மட்டும் தீவனத்தால் சிறு ஏற்ற இறக்கம் உண்டு.

தீவனத்துக்கு ஏற்ப மிக எளிதாக மாறுவது கொழுப்புதான். அதன் அளவும் மாறும். அது எந்தக் கொழுப்பு அமிலங்களால் ஆனது என்பதும் மாறும். ஆகவே, புல்லின் அடையாளத்தைத் தேட வேண்டிய இடம் பாலின் கொழுப்பு.

மாட்டின் வயிறு ஒரு நொதிக்கலன்

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது முதல் இரைப்பை. வளர்ந்த மாட்டில் இதன் கொள்ளளவு நூறு லிட்டரைத் தாண்டும். இதன் உள்ளே ஒவ்வொரு மில்லிலிட்டர் திரவத்திலும் பல பில்லியன் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

புல்லில் உள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதியை நம் உடல் உற்பத்தி செய்வதில்லை. மாட்டின் உடலும் உற்பத்தி செய்வதில்லை. அந்த வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை செல்லுலோஸை நொதிக்கச் செய்து அசெட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகிய சிறிய அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டின் இரத்தம் இவற்றை உறிஞ்சிக்கொள்கிறது.

இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அசெட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் மடிக்குச் சென்று பால் கொழுப்பு உருவாக மூலப்பொருளாகின்றன. புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோசாக மாறுகிறது. அந்தக் குளுக்கோஸ் மடியில் லாக்டோஸாகிறது. நார்ச்சத்து மிகுந்த புல்லைத் தின்னும்போது அசெட்டிக் அமிலம் அதிகம் உருவாகிறது. மாவுச்சத்து மிகுந்த சோளம், பார்லி போன்ற தானியங்களைத் தின்னும்போது புரோப்பியானிக் அமிலத்தின் பங்கு உயர்கிறது.

தானியத்தை அளவுக்கு மீறிக் கொடுத்து நார்ச்சத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? முதல் இரைப்பையில் அமிலத்தன்மை கூடி, நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, பாலில் கொழுப்பு சட்டென்று குறையும். பால் நிறையக் கிடைக்கலாம். ஆனால் அது கொழுப்புக் குறைந்த பாலாக இருக்கும். பால் பண்ணையாளர்கள் நன்கு அறிந்த சிக்கல் இது.

இலையின் கொழுப்பு எங்கே போகிறது?

புல்லில் கொழுப்பு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வுகள் கொழுப்புப் பொருள்களால் ஆனவை. அந்தச் சவ்வுகளில் மிகுதியாக இருப்பது ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம். இளம் புல்லின் உலர் எடையில் கொழுப்பு அமிலங்கள் ஒன்று முதல் மூன்று விழுக்காடுதான். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரே அமிலம். சோளத்தின் கொழுப்பில் மிகுதியாக இருப்பதோ லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 வகை.

அப்படியானால் புல்லின் ஒமேகா-3 முழுவதும் நேராகப் பாலுக்கு வந்துவிடுமா? வராது. வழியில் நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன.

லினோலெனிக் அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. இத்தகைய நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் முதல் இரைப்பை பாக்டீரியாக்களுக்கு நச்சுத்தன்மை வாய்ந்தவை. எனவே அவை ஹைட்ரஜனைச் சேர்த்து இரட்டைப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக நிறைவு செய்துவிடுகின்றன. தாவர எண்ணெயைக் கெட்டியாக்கத் தொழிற்சாலையில் செய்யப்படும் ஹைட்ரஜனேற்றத்துக்கு ஒப்பான வினைதான் இது. இறுதியில் கிடைப்பது ஸ்டியரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலம். மாடு தின்ற லினோலெனிக் அமிலத்தில் மிகப் பெரும் பகுதி இவ்வாறு மாறிவிடுகிறது. தப்பிப் பாலுக்கு வருவது சிறு பகுதியே.

ஆனால் கதை இங்கே முடிவதில்லை. ஹைட்ரஜனேற்றம் பல படிகளில் நடக்கிறது. பாதி வழியில் உருவாகும் வாக்சினிக் அமிலத்தில் ஒரு பகுதி, முழுதாக மாறுவதற்குமுன் இரத்தத்தில் கலந்து மடிக்குச் செல்கிறது. மடியில் உள்ள ஒரு நொதி அதில் புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்துகிறது. இப்படி உருவாவதே இணைந்த லினோலெயிக் அமிலம். பசும்புல்லை மேயும் மாடுகளின் பாலில் இது தெளிவாகக் கூடுகிறது. அதே நொதி ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியை ஒலெயிக் அமிலமாகவும் மாற்றுகிறது.

இதனால் நமக்கு என்ன? கீழே உள்ள உருகுநிலைகளைப் பாருங்கள் (ஏறத்தாழ):

• ஸ்டியரிக் அமிலம்: 69 பாகை செல்சியஸ்
• பால்மிட்டிக் அமிலம்: 63 பாகை செல்சியஸ்
• ஒலெயிக் அமிலம்: 13 பாகை செல்சியஸ்
• ஆல்பா லினோலெனிக் அமிலம்: −11 பாகை செல்சியஸ்

இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் மூலக்கூறு வளைந்திருக்கும். வளைந்த மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்படாததால் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். நிறைவுறாத அமிலங்கள் சற்றுக் கூடினாலும், பால்மிட்டிக் அமிலம் சற்றுக் குறைந்தாலும் வெண்ணெய் மென்மையாகும். புல்வெளியில் நடந்த மாற்றம் ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது கத்தியில் தெரிகிறது.

மஞ்சள் நிறத்தின் காரணம்

பசுங்கணிகத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது: பீட்டா கரோட்டின். கேரட்டுக்கு நிறம் தருவதும் இதுதான். புல்லில் பச்சையம் மிகுதியாக இருப்பதால் இதன் மஞ்சள் நிறம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பீட்டா கரோட்டின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் மாட்டின் உடலுக்குள் போனதும் பால் கொழுப்பில் தங்கிவிடுகிறது. பாலைக் கடைந்து கொழுப்பைத் திரட்டும்போது மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது.

எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் ஏன் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன? அவையும் புல் தின்னும் விலங்குகள்தாமே! எருமையும் ஆடும் தாம் உட்கொள்ளும் பீட்டா கரோட்டினைக் கிட்டத்தட்ட முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகின்றன. வைட்டமின் ஏக்கு அந்த மஞ்சள் நிறம் இல்லை. பசு ஒரு பகுதியை மட்டுமே மாற்றுகிறது. மீதி பீட்டா கரோட்டினாகவே பாலுக்கு வருகிறது. ஆகவே, வெள்ளையாக இருப்பதால் எருமை நெய் சத்துக் குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

மாட்டினத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே புல்லை மேய்ந்தாலும் ஜெர்சி, குவெர்ன்சி இனப் பசுக்களின் பால், கறுப்பு வெள்ளை ஃபிரீசியன் பசுக்களின் பாலைவிட மஞ்சளாக இருக்கும்.

புல்லை வெயிலில் காயவைத்து வைக்கோல் ஆக்கினால் பசுங்கணிகம் சிதைகிறது. பீட்டா கரோட்டினில் பெரும்பகுதி ஒளியாலும் ஆக்சிஜனாலும் அழிகிறது. லினோலெனிக் அமிலமும் குறைகிறது. எனவே, 'புல் தின்ற மாடு' என்பதும் 'பசும்புல் மேய்ந்த மாடு' என்பதும் வேதியியல் பார்வையில் ஒன்றல்ல.

அயர்லாந்தில் செய்த ஒப்பீடு

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள மூர்பார்க் ஆய்வு மையத்தில் ஃபிரீசியன் பசுக்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் 18 பசுக்கள். முதல் குழு ரைகிராஸ் என்ற புல்லை மேய்ந்தது. இரண்டாம் குழு அதே புல்லோடு வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைச் செடியையும் மேய்ந்தது. மூன்றாம் குழு கொட்டகைக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பதப்படுத்திய புல், பதப்படுத்திய சோளத்தட்டை, அடர்தீவனம் ஆகியவற்றைக் கலந்து கொடுத்தார்கள். முடிவுகள் 2016ஆம் ஆண்டில் வெளியாயின.

புல் மேய்ந்த குழுவின் பாலில் கொழுப்பும் புரதமும் கூடுதலாக இருந்தன. இணைந்த லினோலெயிக் அமிலம் கொட்டகைப் பாலில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வெண்ணெயில் பீட்டா கரோட்டினும் ஒமேகா-3 அமிலமும் கூடின. கொட்டகை வெண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் கூடுதலாக இருந்தது. சுவைத்துப் பார்த்தவர்கள் நிறம், தோற்றம், சுவை ஆகியவற்றில் புல் வெண்ணெயையே அதிகம் விரும்பினார்கள்.

இந்த ஆய்வின் வலிமை எதில் இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரே இனம், ஒரே இடம், ஒரே காலம். மாறியது தீவனம் மட்டுமே. தீவனம் தற்சார்பு மாறி; பாலின் தன்மை சார்பு மாறி; மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் எழுதும் அதே விதிதான்.

நம் செம்பனையும் நியூசிலாந்துப் பாலும்

நியூசிலாந்தில் பசுக்கள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வெளியில் மேய்கின்றன. குளிர்காலத்தின் இறுதியில் கன்று ஈனுமாறு திட்டமிடுகிறார்கள். பால் சுரப்பு உச்சம் தொடும் வேளையில் வசந்தகாலப் புல் செழித்து நிற்கும். ஆனால் கோடை வறட்சியில் புல் போதாமல் போகும். அந்தக் குறையை நிரப்ப அவர்கள் வாங்கும் தீவனங்களில் ஒன்று இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் செல்கிறது. அதுதான் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு. செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எண்ணெயைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கை.

இந்தப் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சியிருக்கும். அதில் மிகுதியாக இருப்பது லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலம். மாட்டுக்கு இதை அதிகம் கொடுத்தால் பால் கொழுப்பின் சேர்க்கை மாறிவிடுகிறது. அந்நாட்டின் பெரிய பால் கூட்டுறவு நிறுவனமான ஃபோன்டெரா, ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 3 கிலோவுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று 2015இல் விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. பிறகு, பாலின் கொழுப்பு அமிலங்களை அளந்து மதிப்பிடும் குறியீடு ஒன்றை உருவாக்கி 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரம்பு மீறினால் விவசாயிக்குக் கிடைக்கும் பணத்தில் பிடித்தம் உண்டு.

மாடு என்ன தின்றது என்று விவசாயி சொல்லத் தேவையில்லை, பாலே சொல்லிவிடுகிறது. இன்றைய பாடத்தின் மையக் கருத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஒரு குவளைக் கணக்கு

இனி, 'எவ்வளவு' என்ற இரண்டாவது கேள்வி. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குவளைப் பால் 250 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ 9 கிராம் கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். கொட்டகைப் பாலின் கொழுப்பில் 0.5 விழுக்காடும் புல் மேய்ந்த பாலின் கொழுப்பில் 1 விழுக்காடும் ஒமேகா-3 இருப்பதாகக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

• கொட்டகைப் பால்: 9 × 0.5 ÷ 100 = 0.045 கிராம்
• புல் மேய்ந்த பால்: 9 × 1 ÷ 100 = 0.09 கிராம்

"இரு மடங்கு ஒமேகா-3" என்று விளம்பரம் செய்தால் அது பொய்யல்ல. ஆனால் 14 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ஆல்பா லினோலெனிக் அமிலம் பெண்களுக்கு 1.1 கிராம், ஆண்களுக்கு 1.6 கிராம் போதுமான அளவு என்று அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை சொல்கிறது. 1.1 கிராமைப் பாலிலிருந்து மட்டுமே பெற வேண்டுமானால் புல் மேய்ந்த பாலில் பன்னிரண்டு குவளைகள் குடிக்க வேண்டும்! ஆளி விதையும் வால்நட்டும் இந்த அமிலத்தைச் சிறு அளவிலேயே நிறையத் தருகின்றன. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் வேறு வகை ஒமேகா-3 அமிலங்கள் மிகுதி.

இணைந்த லினோலெயிக் அமிலத்தைப் பற்றியும் பெரிய பேச்சுகள் உண்டு. ஆய்வுக்கூட விலங்குகளில் சில நன்மைகள் தெரிந்தன. பாலில் கிடைக்கும் சிறு அளவு மனிதர்களுக்கு அதே நன்மையைத் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

இன்னொன்று. இந்த வேறுபாடுகள் எல்லாம் கொழுப்பில் இருப்பவை. கொழுப்பு நீக்கிய பாலை வாங்கினால், புல் தந்த ஒமேகா-3, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ எல்லாமே கொழுப்போடு பெரும்பாலும் போய்விடும். கொழுப்பு நீக்கிய பாலின் உறையில் எவ்வளவு பெரிய புல்வெளிப் படம் இருந்தாலும், உள்ளே இருக்கும் பால் அதைச் சொல்லாது. அதேவேளை கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும். வீட்டில் சாதாரணப் பால்தான் வாங்க முடிகிறது என்றால் கவலைப்பட வேண்டாம். நீங்கள் பால் குடிப்பதன் முதன்மையான பயன் அந்தக் குவளையிலும் இருக்கிறது.

மேய்ச்சலின் மறுபக்கம்

மேய்ச்சல் இவ்வளவு நல்லதென்றால் எல்லா நாட்டினரும் ஏன் மாடுகளை வெளியே விடுவதில்லை? முதல் காரணம் பாலின் அளவு. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அதிகப் பால் தரும் ஹோல்ஸ்டீன் பசுக்கள் கலப்புத் தீவனத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 44 கிலோ பால் தந்தன. புல் மட்டும் மேய்ந்தவை ஏறத்தாழ 30 கிலோவே தந்தன. புல்லில் நீர் அதிகம். எவ்வளவு மேய்ந்தாலும் அத்தகைய மாட்டுக்குத் தேவையான ஆற்றல் முழுவதும் கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம் தட்பவெப்பம். நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் ஐரோப்பிய இனப் பசுக்களுக்கு ஏற்றவையல்ல. வெப்பம் மிகுந்தால் அவை தீவனம் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். நம் புல்லும் வேறு. நேப்பியர், கினி போன்ற வெப்பமண்டலப் புற்கள் வேகமாக வளரும். அதே வேகத்தில் முற்றி நார் கெட்டியாகும். ஏறத்தாழ ஆறு வாரங்களில் வெட்டினால் இலை மென்மையாக இருக்கும். விட்டுவிட்டால் தண்டுதான் மிஞ்சும். இங்குள்ள சிறு பண்ணையாளர்கள் பலர் புல்லை வெட்டிக் கொண்டுவந்து கொட்டகையில் கொடுப்பதற்கும், ஃபிரீசியனோடு இந்திய வழி சாகிவால் இனத்தைக் கலந்து மாஃப்ரிவால் என்ற இனம் இங்கு உருவாக்கப்பட்டதற்கும் காரணம் இதுதான்.

மேலும், புல் என்றாலே எல்லாச் சத்தும் கூடும் என்பதில்லை. புல் தன் மண்ணில் இருப்பதையே தரும். நியூசிலாந்து மண்ணில் செலினியம் குறைவு. அங்கே கால்நடைகளுக்குச் செலினியத்தைத் தனியாகக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

உப்புச் சேர்க்காத இரண்டு வகை வெண்ணெய் வாங்குங்கள்: ஒன்று புல் மேய்ந்த மாட்டின் பாலில் செய்தது, மற்றது அப்படிக் குறிப்பிடாதது. நிறமூட்டி சேர்க்கப்பட்டுள்ளதா என்று உறையில் படித்துப் பாருங்கள். சேர்த்திருந்தால் நிறத்தை ஒப்பிட முடியாது.

1. இரண்டிலும் 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துண்டுகளை வெட்டுங்கள். வெள்ளைத் தட்டில் வைத்து நிறத்தை ஒப்பிட்டு எழுதுங்கள்.
2. குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்து, ஒரே நேரத்தில் வெளியே எடுங்கள்.
3. சீவிய பென்சில் ஒன்றை 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து காகிதக் குழாய் வழியாக வெண்ணெய் மீது விழச் செய்யுங்கள். முனை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளவெடுங்கள்.
4. ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, வேறு வேறு இடத்தில், நான்கு முறை அளந்து அட்டவணையில் பதிவு செய்யுங்கள்.

முடிவு எதுவாக இருந்தாலும் "புல்தான் காரணம்" என்று எழுதிவிடாதீர்கள். மாட்டினம், பருவம், வெண்ணெய் கடைந்த முறை ஆகியவற்றை நீங்கள் கட்டுப்படுத்தவில்லை. மூர்பார்க் ஆய்வுக்கும் உங்கள் சமையலறைச் சோதனைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கோடை வறட்சியில் மாடுகளுக்கு வைக்கோல் மட்டுமே கொடுத்தால் வெண்ணெயின் நிறமும் கெட்டித்தன்மையும் எப்படி மாறும்? பசுங்கணிகத்தோடு தொடர்புபடுத்தி விளக்குக.
2. ஒரு பண்ணையில் பாலின் அளவு உயர்ந்தது. கொழுப்பு விழுக்காடு குறைந்தது. தீவனத்தில் என்ன மாற்றம் நடந்திருக்கலாம்?
3. "எங்கள் கொழுப்பு நீக்கிய பால் புல் மேய்ந்த மாடுகளிலிருந்து வருவது, ஒமேகா-3 நிறைந்தது." இந்த விளம்பரத்தில் எந்தப் பகுதி உண்மையாக இருக்கலாம்? எந்தப் பகுதியை ஐயப்பட வேண்டும்? ஏன்?

மூன்றாம் கேள்விக்கு உங்களால் விடை எழுத முடிந்தால், இனி எந்த உணவுப் பொருளின் உறையைப் பார்த்தாலும் "எது மாறியிருக்கிறது, எவ்வளவு மாறியிருக்கிறது" என்று கேட்காமல் அதைக் கூடையில் போடமாட்டீர்கள்.